ராஜதானிக்குக் குடிபோன குடும்பம்

பெரியோர்களின் சரித்திரத்தை எழுதுவோர் அவர்கள் நடத்திய யுத்தங்களையும், இயற்றிய சட்டங்களையும், நிகழ்த்திய பிரசங்கங்களையும் விஸ்தாரமாக எழுதுவது வழக்கம். அப்பெரியோர் ஊர்விட்டு ஊர் குடிபோனபோது வீட்டை யாரிடம் ஒப்புவித்தார்கள், குழந்தைகளை எவ்விதம் அழைத்துச் சென்றார்கள், வீட்டில் வளர்ந்த வாயில்லா ஜீவன்களுக்கு என்ன ஏற்பாடு செய்தார்கள் என்பவற்றை அற்ப விஷயங்களென்று ஒதுக்கி விடுகிறார்கள். நாம் அவ்விதம் கருதவில்லை. மேடையில் நிற்கும் மனிதன் ஊரார் பார்க்கிறார்களென்ற நினைவோடு நிற்கிறான். வீட்டில் மூட்டை கட்டும்போது அவனுடைய இயற்கைக் குணம் வெளிப்பட்டு விடுகிறது.

தேச சேவையில் இறங்கியவர்களில் பலருக்கு ராஜதானிக்குக் குடிபோக வேண்டிய நாள் ஒன்று வருகிறது. சட்டசபை அங்கத்தினராகவோ, மந்திரியாகவோ, கட்சிக் காரியதரிசியாகவோ அவர்கள் போகிறார்கள். மனைவி மக்களும் கூடவே போகிறார்கள். அம்மனைவி மக்களை யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. அவர்களுக்கு யாரும் மாலை சூட்டுவதுமில்லை. பழகிய தெருவையும், பள்ளிக்கூடத்தையும், விளையாட்டுத் தோழர்களையும் விட்டு அவர்கள் புறப்படுகிறார்கள். இதை நினைக்கும்போது நமக்கு ஆபிரகாம் லிங்கனின் ஞாபகம் வருகிறது. அடிமைத்தளையை அறுத்த உத்தமரென்று அவரை உலகம் அறியும். சிறிய ஊரொன்றில் வக்கீலாயிருந்த அவர் குடும்ப சமேதராய் வாஷிங்டன் நகருக்குக் குடிபோன வரலாற்றை நம்மவர்களும் அறிந்துகொள்வது நலம்.

லிங்கன் 1809-ம் வருஷம் பிப்ரவரி மாதம் 12ந் தேதி கென்டக்கி மாகாணத்தில், மரக்கட்டைகளை அடுக்கிக் கட்டிய ஒற்றையறைக் குடிசையொன்றில் பிறந்தார். தகப்பனார் தாமஸ் லிங்கன் எழுத்து வாசனை அதிகமில்லாத குடியானவர். அக்காலத்தில் கென்டக்கியில் நிலப் பத்திரங்கள் பெருங்குழப்பத்திலிருந்தன. விலை கொடுத்து வாங்கிய நிலத்துக்கு வேறொருவர் வந்து உரிமை கொண்டாடுவது சாதாரணம். அம்மாகாணத்தில் அடிமை முறையும் நிலவிற்று. இவ்விரண்டு காரணங்களாலும் 1816-ல் குடும்பம் இண்டியானாவின் காட்டுப் பிரதேசத்துக்குக் குடிபெயர்ந்தது. அப்போது லிங்கனுக்கு வயது ஏழு. இரண்டு வருஷங்களுக்குள் அப்புதிய பூமி தாயாரைப் பலி வாங்கிற்று. விஷச் செடியை மேய்ந்த பசுவின் பாலால் உண்டாகும் நோய் கண்டு, 1818 அக்டோபரில் நான்ஸி அம்மையார் காலமானார். புதிய இடத்துக்குப் போகிறவர்கள் அவ்விடத்துப் பாலையும் தண்ணீரையும் நம்பித்தான் பிழைக்க வேண்டும். அந்த நம்பிக்கை சில சமயம் பொய்த்து விடுகிறது. இதை லிங்கன் ஒன்பது வயதிலேயே அறிந்தார்.

1830-ம் வருஷம் மார்ச்சு மாதத்தில் அக்குடும்பம் மாட்டு வண்டிகளில் சாமான்களை ஏற்றிக்கொண்டு இல்லினாய்ஸ் மாகாணத்துக்குப் புறப்பட்டது. வழியில் பனிக்கட்டி மிதந்த ஓர் ஓடையை வண்டிகள் கடந்த பிறகு, கூட வந்த நாய்க்குட்டியொன்று மறுகரையிலேயே தங்கிவிட்டது. மற்றவர்கள் அதை விட்டுவிட்டு மேலே செல்ல நினைத்தார்கள். இருபத்தொரு வயதான லிங்கன் காலணிகளைக் கழற்றிவிட்டு, உறையும் நீரில் இறங்கிச் சென்று அதைத் தூக்கி வந்தார். பிற்காலத்தில் அவருடன் கூட்டாக வக்கீல் தொழில் நடத்திய ஹெர்ண்டன் இச்செய்தியை எழுதி வைத்திருக்கிறார்.

அதன் பின் லிங்கன் தகப்பனாரைப் பிரிந்து, நியூ ஸேலம் என்ற சிற்றூரில் கடைச் சிப்பந்தியாகவும், தபால் அதிகாரியாகவும், நிலம் அளப்பவராகவும் காலந்தள்ளினார். 1834-ல் மாகாணச் சட்டசபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். தாமே சட்டநூல்களைக் கற்று வக்கீலானார். 1837 ஏப்ரலில், இரவல் குதிரையொன்றில் ஏறி, இரண்டு பைகளில் தம் ஆஸ்தி முழுவதையும் அடைத்துக்கொண்டு, ஸ்பிரிங்பீல்டு நகருக்கு வந்து சேர்ந்தார். படுக்கைச் சாமான்களுக்குக் கடைக்காரர் 17 டாலர் விலை சொன்னார். அந்தத் தொகை லிங்கனிடம் இல்லை. அவருடைய முகவாட்டத்தைக் கண்ட கடைக்காரர் ஜாஷுவா ஸ்பீடு, மாடியிலிருந்த தம் அறையிலேயே அவருக்கு இடங்கொடுத்தார். லிங்கன் மேலே சென்று பைகளை வைத்துவிட்டுக் கீழே வந்து, குடிபோய் விட்டதாகச் சிரித்துக்கொண்டே சொன்னாராம். தனியாளாய் இருப்பவனுக்குக் குடிபோவது அவ்வளவு சுலபம்!

1842 நவம்பரில் அவர் மேரி டாட் அம்மையாரை விவாகம் செய்துகொண்டார். தம்பதிகள் முதலில் ஒரு விடுதியில் வசித்தார்கள். மூத்த மகன் ராபர்ட் 1843-ல் அங்கேயே பிறந்தான். 1844-ல் லிங்கன் தம் வாழ்நாளில் சொந்தமாகக் கொண்டிருந்த ஒரே வீட்டை வாங்கினார். அவ்வீட்டில் 1846-ல் எட்வர்டும், 1850-ல் வில்லியமும், 1853-ல் தாமஸும் பிறந்தார்கள். தாமஸுக்குக் குழந்தைப் பருவத்தில் தலை பெரிதாயிருந்ததால், தகப்பனார் தலைப்பிரட்டை என்று பொருள்படும்படி டாட் என்று செல்லப் பெயரிட்டார். எட்வர்டு நான்கு வயது நிறையுமுன் 1850 பிப்ரவரியில் இறந்து போனான்.

இதனிடையே குடும்பம் ஒருமுறை ராஜதானியைப் பார்த்து வந்தது. 1846-ல் ஜனப்பிரதிநிதி சபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட லிங்கன், 1847 இறுதியில் மனைவியையும் இரு சிறுவர்களையும் அழைத்துக்கொண்டு வாஷிங்டன் சென்றார். ஸ்பிரிங்பீல்டு வீடு வாடகைக்கு விடப்பட்டது. வாஷிங்டனில் ஒரு சாப்பாட்டு விடுதியில் ஓர் அறையில் நால்வரும் குடியிருந்தார்கள். அங்கே தங்கியிருந்தவர்களில் பெரும்பாலோர் அரசியல்வாதிகள். பேச்சுத் துணைக்கு ஸ்திரீகள் அதிகமில்லை. பிள்ளைகள் ஓடியாட இடமில்லை. சில மாதங்களில் மேரி அம்மையார் பிள்ளைகளுடன் தம் தகப்பனார் வீட்டுக்குப் போய்விட்டார். குடும்பம் கூட இருந்தபோது வேலைக்கு இடைஞ்சலென்று எண்ணியதாகவும், இப்போது வேலையைத் தவிர வேறொன்றுமில்லாத வாழ்வு ருசியற்றுப் போய்விட்டதாகவும் லிங்கன் 1848-ல் மனைவிக்கு எழுதினார். பொதுவேலையில் ஈடுபட்ட எத்தனையோ பேர் இவ்விதம் எண்ணியிருப்பார்கள். மனைவிக்கு எழுதி ஒப்புக்கொள்பவர் சிலரே.

அந்நாளில் ராஜதானி வேறொன்றையும் அவருக்குக் காட்டிற்று. ஜனப்பிரதிநிதிகள் கூடும் கட்டடத்தின் ஜன்னல்களிலிருந்து பார்த்தால், நீக்ரோ அடிமைகளைக் குதிரைகளைப்போல் அடைத்து வைத்துத் தென் மாகாணச் சந்தைகளுக்கு அனுப்பும் கொட்டடி ஒன்று கண்ணுக்குத் தெரியும். வாஷிங்டனில் அடிமை முறையைப் படிப்படியாக ஒழிக்க 1849-ல் அவர் ஒரு மசோதா தயாரித்தார். ஆதரவு கிட்டாமையால் அது சபைக்கு வரவேயில்லை. வந்த காரியம் முடியாமலே அவர் ஊர் திரும்பினார்.

பன்னிரண்டு வருஷங்கள் சென்றன. 1860 நவம்பர் 6ந் தேதி லிங்கன் ஐக்கிய நாட்டின் ஜனாதிபதியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அவர் பதவியேற்குமுன்பே தெற்கே ஏழு மாகாணங்கள் யூனியனிலிருந்து விலகிக்கொண்டன. கொலைப் பயமுறுத்தல் கடிதங்கள் தபாலில் வந்தவண்ணமிருந்தன. இத்தகைய சமயத்திலும் ஒரு கிருஹஸ்தன் செய்யவேண்டியதை அவர் ஒவ்வொன்றாகச் செய்தார். வீட்டை விற்கவில்லை, ரெயில்வே கம்பெனித் தலைவர் ஒருவருக்கு வருஷம் 350 டாலர் வாடகைக்கு விட்டார். மேஜை நாற்காலிகளில் பலவற்றை விற்றார். வருஷக்கணக்காகத் தம்மைச் சுமந்த பாப் என்ற கிழக்குதிரையை ஒரு வண்டிக்காரருக்குக் கொடுத்தார். பெட்டிகளைத் தம் கையாலேயே கயிறு போட்டுக் கட்டி, விலாசச் சீட்டு எழுதி ஒட்டினார் என்பர்.

கடைசியாகத் தம் வக்கீல் ஆபீஸுக்குச் சென்று, கணக்குகளைச் சரிபார்த்துவிட்டு, வாசலில் தொங்கிய பெயர்ப்பலகையைக் கழற்ற வேண்டாமென்று கூட்டாளி ஹெர்ண்டனிடம் கேட்டுக்கொண்டார். உயிரோடிருந்தால் திரும்பி வந்து, ஒன்றும் நடவாததுபோல் மறுபடியும் வக்கீல் தொழில் செய்வதாகச் சொன்னார். பதவி கிடைத்தவுடன் பழைய பெயர்ப்பலகையைத் தாமே கழற்றி எறிபவர்களை நாம் பார்த்திருக்கிறோம். ஒரு பெருந்தேசத்தின் தலைமை ஸ்தானம் கையில் வந்திருக்கும்போது, தெருவில் தொங்கும் ஒரு பழைய பலகையைத் தம் உண்மையான விலாசமாக லிங்கன் எண்ணியிருந்தார்.

அவ்வீட்டில் பைடோ என்று ஒரு நாய் இருந்தது. உயர்ந்த ஜாதியன்று, மஞ்சள் நிறமான சாதாரண நாய். லிங்கன் கடைத்தெருவுக்குச் சென்றால் பின்னாலேயே போகும். தேர்தல் வெற்றியைக் கொண்டாட ஊரார் பீரங்கி வெடித்தும் மணியடித்தும் ஆரவாரித்தபோது, அது நடுநடுங்கி ஒளிந்துகொண்டதென்று சொல்வார்கள். பன்னிரண்டு நாள் ரெயில் பிரயாணத்தையும், ஊர்தோறும் கூடும் ஜனக்கும்பலையும் அது தாங்காதென்று லிங்கன் முடிவு செய்தார். பிள்ளைகள் அழுதார்கள். ஆனால் அவர் மனம் மாறவில்லை. ரோல் என்னும் தச்சரின் வீட்டில் பைடோவை ஒப்படைத்தார். அவருக்கும் இரண்டு சிறு பிள்ளைகள் உண்டு. சேற்றுக் காலோடு உள்ளே வந்தால் அதைக் கடிந்துகொள்ளக் கூடாது. கொல்லையில் தனியாகக் கட்டிப் போடக் கூடாது. கதவைப் பிறாண்டினால் உள்ளே விடவேண்டும். சாப்பாட்டு வேளையில் மேஜையருகே வந்தால் ஏதேனும் கொடுக்கவேண்டும் என்று நிபந்தனைகள் விதித்தாராம். பழகிய இடமென்று அது எண்ணும் பொருட்டு, அது வழக்கமாகப் படுத்திருந்த சோபாவையும் கூடவே அனுப்பினார். தம் பிள்ளைகளுக்காக அதைப் புகைப்படம் எடுக்கவும் ஏற்பாடாயிற்று.

இதை ஒரு வேடிக்கைக் கதையாக நாம் சொல்லவில்லை. அன்புள்ளவர்களையெல்லாம் தம்முடன் இழுத்துச் செல்வதே அன்பென்று சிலர் நினைக்கிறார்கள். பிரயாணத்தைத் தாங்கமாட்டாததை, அது பழகிய ஊரிலேயே, அது பழகிய சோபாவோடு விட்டுச் செல்வதும் அன்புதான். நாய் விஷயத்தில் லிங்கன் கண்ட இந்த உண்மையைப் பிள்ளைகள் விஷயத்தில் கைக்கொள்ள அவருக்கு வழியில்லாமல் போயிற்று.

1861 பிப்ரவரி 11ந் தேதி, தம் 52வது பிறந்தநாளுக்கு முந்தின தினம், மழை தூறும் காலையில் அவர் ஸ்பிரிங்பீல்டை விட்டுப் புறப்பட்டார். ரெயிலடியில் கூடிய ஊராரிடம் சில வார்த்தைகளே பேசினார். தாம் அங்கே வாழ்ந்த கால் நூற்றாண்டையும், பிள்ளைகள் அங்கே பிறந்ததையும், ஒருவனை அங்கே அடக்கம் செய்ததையும் குறிப்பிட்டு, திரும்பி வருவது எப்போதோ, வருவோமோ மாட்டோமோ என்று தழுதழுத்துக் கூறி விடைபெற்றார். ராபர்ட் அவருடன் சென்றான். மேரி அம்மையாரும் இளைய பிள்ளைகள் இருவரும் மறுநாள் இண்டியானாபோலிஸில் வந்து சேர்ந்தார்கள். பதவியேற்பு உரை அடங்கிய பையை ராபர்ட் அங்கே ஹோட்டல் சிப்பந்தி ஒருவரிடம் அலட்சியமாகக் கொடுத்துவிட்டான். ஜனாதிபதியாகப் போகிறவர் மூட்டைகளைத் தாமே புரட்டித் தேடி அதைக் கண்டெடுத்தார். பால்டிமோரில் அவரைக் கொல்லச் சதி நடப்பதாகத் துப்புக் கிடைத்ததால், அவர் இரவோடிரவாக வேறு ரெயிலில் அந்நகரைத் தாண்டி, 23ந் தேதி விடியற்காலையில் வாஷிங்டன் சேர்ந்தார். மனைவியும் பிள்ளைகளும் முன்பே ஏற்பாடாகியிருந்த ரெயிலில், அதே பால்டிமோர் வழியாகப் பிற்பகலில் வந்து சேர்ந்தார்கள். அந்தச் சில மணி நேரம் அவர் மனம் என்ன பாடுபட்டிருக்கும் என்பதைக் குடும்பஸ்தர்கள் ஊகித்துக் கொள்ளலாம்.

வெள்ளை மாளிகையில் ராபர்ட் தங்கவில்லை. ஹார்வர்டு கலாசாலைக்குத் திரும்பிவிட்டான். வில்லியமும் டாடும் அம்மாளிகையைத் தங்கள் விளையாட்டு மைதானமாக்கிக் கொண்டார்கள். பைடோவின் இடத்தை நிரப்புவதற்குப் பூனைக்குட்டிகள் வந்தன, மட்டக்குதிரைகள் வந்தன, நானி, நாங்கோ என்று இரண்டு வெள்ளாடுகள் வந்தன. டாட் அந்த ஆடுகளை ஒரு நாற்காலியில் பூட்டி, பெரிய மண்டபத்தில் விருந்தினர் நடுவே ஓட்டிச் சென்றானாம். பண்டிகை விருந்துக்காக வளர்க்கப்பட்ட வான்கோழி ஒன்றுக்கு அவன் தகப்பனாரிடம் மன்றாடி உயிர்ப்பிச்சை வாங்கினான். 1863-ல் தாயும் மகனும் வெளியூர் போயிருந்தபோது, டாடின் படுக்கை நடுவே படுத்து அசைபோட்டுக் கொண்டிருந்த நானி மறுபடி காணாமல் போய்விட்டதை, யுத்தத்தின் நடுவிலும் லிங்கன் தம் மனைவிக்கு விவரமாக எழுதினார். ஊரைப் பிரிந்த குழந்தைக்கு ஆட்டுக்குட்டியும் அவசியமே என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

மேரி அம்மையாரோ வேறு விதமாக ஊன்ற முயன்றார். மாளிகையை அலங்கரிக்கச் சர்க்கார் அனுமதித்த 20,000 டாலருக்கு மேல் அவர் செலவு செய்துவிட்டார். போர்வீரர்களுக்குக் கம்பளி இல்லாத காலத்தில் அம்மாளிகைக்குப் பகட்டுப் பொருள்கள் வாங்குவதா என்று லிங்கன் கடுங்கோபம் கொண்டார். அவருக்கு அது தேசத்தின் வீடு. தாம் அதில் சில காலம் குடியிருப்பவர். ஆயினும் அம்மையாரை நாம் முழுதும் குறைகூற மாட்டோம். அவரைக் கிராமத்தாளென்று ராஜதானிச் சீமாட்டிகள் ஏளனம் செய்தார்கள். அவருடைய பிறந்தகத்தார் சிலர் எதிரிப் படையில் சேர்ந்திருந்ததால் துரோகியென்றும் தூற்றினார்கள்.

1862 தொடக்கத்தில் வில்லியமும் டாடும் ஜுரத்தில் வீழ்ந்தார்கள். அது டைபாய்டு என்று சரித்திரக்காரர் கருதுகின்றனர். மாளிகைக்குத் தண்ணீர் வந்த போடோமக் நதியின் கரை நெடுகப் பட்டாளங்கள் முகாமிட்டிருந்தன; தண்ணீர் அசுத்தப்பட்டிருந்தது. டாட் பிழைத்தான். வில்லியம் பிப்ரவரி 20ந் தேதி இறந்தான். வயது பதினொன்று. தாயாரைப் பறிகொடுத்தபோது லிங்கனுக்கு இருந்த வயதைவிட இரண்டு அதிகம். ஜார்ஜ்டவுனில் ஒரு நண்பர் குடும்பத்தின் கல்லறையில் அச்சிறுவனின் உடல் இரவலாக வைக்கப்பட்டது. ஊருக்குத் திரும்பும்போது உடன் எடுத்துச் செல்லலாமென்பது தகப்பனாரின் எண்ணம்.

இரண்டு மாதங்களுக்குள், ஏப்ரல் 16ந் தேதி, வாஷிங்டன் நகரில் அடிமை முறையை ஒழிக்கும் சட்டத்தில் அவர் கையெழுத்திட்டார். 1849-ல் நிறைவேறாத காரியம் நிறைவேறிற்று. 1863 ஜனவரி முதல் தேதி, கலகம் செய்த மாகாணங்களிலுள்ள அடிமைகள் விடுதலை பெற்றதாகப் பிரகடனம் செய்தார். அவர் கல்நெஞ்சராகிப் புத்திரசோகத்தை மறந்துவிடவில்லை. 1864 பிப்ரவரியில் மாளிகைக் குதிரை லாயம் தீப்பற்றியபோது, வேலியைத் தாண்டி ஓடி, தீக்குள் நுழைய முயன்ற அவரைக் காவலர்கள் தடுத்து நிறுத்தினார்கள். உள்ளே மாண்ட குதிரைகளில் வில்லியமின் மட்டக்குதிரையும் ஒன்று. அதற்காக அவர் கண்ணீர் விட்டதைக் காவற்படையினர் ஒருவர் பிற்காலத்தில் எழுதியிருக்கிறார்.

1865 ஏப்ரல் 14ந் தேதி மாலை, யுத்தம் முடிந்த நிம்மதியில், மனைவியுடன் வண்டியில் உலாவச் சென்ற லிங்கன், பதவிக்காலம் முடிந்ததும் இல்லினாய்ஸ் திரும்பி வக்கீல் தொழில் நடத்துவதைப்பற்றிப் பேசினார். அன்றிரவே நாடகசாலையில் கொலையாளியின் குண்டுக்கு இலக்கானார். மறுநாள் காலையில் உயிர் நீத்தார். ஏப்ரல் 21ந் தேதி ஒரு ரெயில் வாஷிங்டனை விட்டுப் புறப்பட்டு, அவர் வந்த வழியைப் பெரும்பாலும் ஒட்டி 1,600 மைலுக்குமேல் சென்று, மே 3ந் தேதி ஸ்பிரிங்பீல்டு சேர்ந்தது. தகப்பனின் பெட்டியுடன் வில்லியமின் சிறு பெட்டியும் அதில் இருந்தது. கிழக்குதிரை பாப் கறுப்புத் துணி போர்த்தப்பட்டு, சவ வண்டியின் பின்னே நடந்தது.

மேரி அம்மையார் அவ்வீட்டில் மறுபடி குடியிருக்கவில்லை. பிள்ளைகளுடன் சிகாகோவுக்குச் சென்றார். டாட் 1871-ல் பதினெட்டாவது வயதில் இறந்தான். ராபர்ட் 1887-ல் அவ்வீட்டை இல்லினாய்ஸ் மாகாணத்துக்கே கொடுத்துவிட்டார். இன்று அது தேசியச் சின்னமாகப் பாதுகாக்கப்பட்டு வருகிறது.

நாற்பது லட்சம் மனிதர்களின் விலங்கு அறுந்தது பெரிய காரியம். அதற்கு லிங்கன் தம் உயிரைக் கொடுத்தாரென்று சொல்வது பாதிக் கணக்கே. ஸ்பிரிங்பீல்டில் நாயோடு விளையாடிக் கொண்டிருந்த ஒரு சிறுவனும் அக்கணக்கில் சேர்ந்தவன். அவனை யாரும் சம்மதம் கேட்கவில்லை. பொதுவாழ்வில் புகுவோர் இக்கணக்கைத் தெரிந்தே புகவேண்டும். வீட்டாரின் துன்பத்தைத் தியாகமென்று மேடையில் சொல்லிப் பெருமை கொள்வது எளிது. அதைக் காட்டிலும், ராஜதானியில் அவர்கள் பருகும் தண்ணீர் எப்படி இருக்கிறது, பிள்ளைக்கு விளையாட இடம் உண்டா, மனைவிக்குப் பேச்சுத் துணை உண்டா என்று விசாரிப்பது முறையாகும்.

மற்றொன்றும் சொல்வோம். ராஜதானிக்குப் போகும் நம் நண்பர்கள் பிறந்த ஊரிலுள்ள வீட்டை விற்காமலிருக்கட்டும். வாசற்பலகையைக் கழற்றாமலிருக்கட்டும். சர்க்கார் ஜாகை எவ்வளவு விசாலமாயிருந்தாலும், அதில் தாம் வாடகையில்லாத குடித்தனக்காரர் என்பதை நினைவில் வைக்கட்டும். திரும்பி வரப்போகிற மனிதன் ஊராருக்குப் பதில் சொல்ல வேண்டியவனாகிறான். அந்த நினைவோடு போகிறவர்களையே ஊரார் நம்பி அனுப்பலாம்.